தன் தோல்வியைத் தானே அறிவித்தவர்

2000 நவம்பர் 7, அதிபர் தேர்தல் நாள் இரவு அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அடித்த பல்டி கொஞ்சநஞ்சமல்ல. ஃபுளோரிடா மாநிலம் அல் கோருக்கே என்றார்கள். பிறகு இல்லை என்றார்கள். விடிவதற்குள் ஜார்ஜ் புஷ் ஜெயித்துவிட்டார் என்றார்கள். கோர் அதை நம்பினார். புஷ்ஷைத் தொலைபேசியில் வாழ்த்திவிட்டு, நாஷ்வில் நகரில் மழையில் காத்திருந்த தொண்டர்களிடம் பேசக் கிளம்பினார். வழியில் தகவல் வந்தது: ஃபுளோரிடாவில் வித்தியாசம் மளமளவெனக் குறைகிறது. மறுபடி புஷ்ஷுக்குப் போன் போட்டு, சொன்ன வாழ்த்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்!

அதன்பின் ஐந்து வாரம் இழுபறி. சரியாகத் துளை விழாத வாக்குச்சீட்டுகளை அதிகாரிகள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 60 லட்சம் பேர் வாக்களித்த மாநிலத்தில் புஷ்ஷுக்கு 537 வாக்கு கூடுதல் என்று அறிவிப்பு வந்தது. டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் மறு எண்ணிக்கையை முடித்துவைத்தது. நாடு முழுக்கக் கூட்டினால் கோருக்குத்தான் 5 லட்சத்துக்கு மேல் அதிகம். ஆனால் அங்கே அதிபரை முடிவு செய்வது மாநிலவாரித் தேர்வாளர் வாக்கு.

மறுநாள் இரவு கோர் பேசினார். புஷ்ஷை வாழ்த்திவிட்டதாகவும், இந்த முறை திரும்ப அழைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருப்பதாகவும் சொல்லித்தான் ஆரம்பித்தார். தீர்ப்பில் உடன்பாடில்லை, ஆனாலும் ஏற்கிறேன் என்றார். நீதிமன்றத்தை மட்டும் குறை சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சொந்த மாநிலமான டென்னசி கைவிடாமல் இருந்திருந்தால் அவருக்கு ஃபுளோரிடாவே தேவைப்பட்டிருக்காது.

பேசுவதாவது ஒரு நாள் கூத்து. 2001 ஜனவரி 6 அன்று நடந்ததுதான் பெரிய சோதனை. தேர்வாளர் வாக்குகளை எண்ணும் நாடாளுமன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க வேண்டியவர் துணை அதிபர். அந்தப் பதவியில் இருந்தவர் கோர்! ஃபுளோரிடா வாக்குகளை ஏற்கக் கூடாது என்று கறுப்பின உறுப்பினர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்தார்கள். எல்லாம் அவருக்காகத்தான். ஆட்சேபத்தில் விதிப்படி செனட்டர் ஒருவரின் கையெழுத்து உண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். இல்லை. அதைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்றார் ஓர் உறுப்பினர். விதிகளுக்குக் கவலை உண்டு என்றார் கோர். கடைசியில் புஷ் 271, கோர் 266 என்ற முடிவையும் அவரே அறிவித்தார்.

இதே நெருக்கடி 1969இல் துணை அதிபர் ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரிக்கும் வந்தது. அன்று அவர் ஓர் இறுதிச் சடங்குக்காக நார்வே போயிருந்தார். கூட்டத்தை வேறொருவர் நடத்தினார். நல்ல சாக்கு!

கோர் அதற்குப் பிறகு தாடி வளர்த்தார், கல்லூரிகளில் பாடம் நடத்தினார், 2004இல் போட்டியிட மறுத்தார், பருவநிலை மாற்றம் குறித்து ஊர் ஊராகப் பேசினார். 2007இல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கும் ஐ.நா.வின் பருவநிலைக் குழுவுக்கும் சேர்த்துக் கிடைத்தது.

ஆனால் 1960இல் கென்னடியிடம் மயிரிழையில் தோற்று, 1961இல் அதே நாற்காலியில் அமர்ந்து அந்த முடிவை அறிவித்த ரிச்சர்ட் நிக்சனுக்கு அரசியலை விட மனம் வரவில்லை. மறு ஆண்டே கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் நின்று, அதிலும் தோற்று, நிருபர்கள்மீது எரிந்து விழுந்தார். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)