கஞ்சிக்குழியின் கூரை

2013ஆம் ஆண்டு, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிரான்ட்ஃபோர்ட் என்ற ஊரில் ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் கூரை ஒழுகத் தொடங்கியது. நீர் மாடி மாடியாக இறங்கிச் சுவரையும் தரையையும் கெடுத்தது. பழுதுபார்க்கப் பெரும் பணம் வேண்டும். இடித்துவிட்டால் தொல்லை விட்டது. என்ன செய்யலாம் என்று அந்த வட்டாரத்துப் பூர்வகுடி மக்களிடமே கேட்டார்கள்.

கேட்கப்பட்டவர்களில் பலர் சிறுவயதில் அந்தக் கட்டடத்துக்குள் அடைபட்டுக் கிடந்தவர்கள். அல்லது அப்படிக் கிடந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இடித்துத் தள்ளுங்கள் என்று அவர்கள் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கருத்துச் சொன்னவர்களில் 98 சதவீதம் பேர் ‘காப்பாற்றுங்கள்’ என்றார்கள். அதற்காகத் தொடங்கிய நிதிதிரட்டலுக்கு வைத்த பெயர், ‘சான்றைக் காப்பாற்றுங்கள்’. நினைவுச்சின்னம் என்றோ பாரம்பரியக் கட்டடம் என்றோ அவர்கள் சொல்லவில்லை. சான்று என்றார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை என்று நினைக்கிறவர்கள் எடுக்கும் சொல் அது.

அந்தக் கட்டடம்தான் மோஹாக் இன்ஸ்டிட்யூட். 1831 முதல் பூர்வகுடிப் பிள்ளைகளைத் தங்கவைத்த உறைவிடப் பள்ளி. 1970 வரை நடந்தது. பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் ‘மஷ் ஹோல்’. தமிழில் சொன்னால் கஞ்சிக்குழி. கேரளத்து ஊர்ப்பெயர்போல ஒலித்தாலும் வயிற்றெரிச்சலில் பிறந்த பெயர். அன்றாடம் தட்டில் விழுந்த ஓட்ஸ் கூழைத்தான் அப்படிச் சொன்னார்கள். பள்ளிக்கென்று பண்ணை இருந்தது, மாடுகள் இருந்தன, ஆப்பிள் தோட்டமும் இருந்தது. பாடுபட்டது பிள்ளைகள், பண்ணைப் பொருள்கள் வெளியே விலைக்குப் போயின. பசி தாளாமல் ஆப்பிளைத் திருடித் தின்று அடிவாங்கியதை அங்கே படித்தவர்கள் முதுமையிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இத்தகைய பள்ளிகளின் நிலை அரசுக்கும் தெரியும். டாக்டர் பீட்டர் பிரைஸ் என்று ஒருவர் இருந்தார். உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் காசநோயில் சாகிறார்கள் என்று 1907இலேயே அரசுக்கு அறிக்கை கொடுத்தவர். யாரும் கேட்காததால் 1922இல் அதைத் தனி நூலாகவே வெளியிட்டவர். ஆகவே ‘அப்போது தெரியாது’ என்ற பேச்சு எடுபடாது. கோப்பு இருந்தது, கையெழுத்து இருந்தது. தெரிந்தே 1920இல் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பக் கட்டாயப்படுத்தும் சட்டத் திருத்தத்தையும் கொண்டுவந்தார்கள். நூறாண்டுக்கு மேல் நடந்த ஏற்பாட்டில் ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் இந்தப் பள்ளிகளுக்குள் போனார்கள். இறந்ததாகப் பதிவாகியிருப்பவர்களே 4,000க்கு மேல். தாளில் இருந்த இந்தச் செய்தி நாட்டின் நினைவில் மட்டும் இல்லை.

நினைவில் ஏற்றியது யார் என்பதுதான் கதை. அரசு கடைசியாக வந்து சேர்ந்தது. 1981இல் சூ செயின்ட் மரியில் ஷிங்வாக் என்ற உறைவிடப் பள்ளியின் பழைய மாணவர்கள் தாங்களாகவே ஒன்றுகூடினார்கள். அவர்கள் சேர்த்துவைத்த படங்களும் தாள்களும் இன்று ஓர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1988இல் பாசில் ஜான்ஸ்டன் தன் உறைவிடப் பள்ளி நாள்களை ‘இந்தியன் ஸ்கூல் டேஸ்’ என்ற நூலாக எழுதினார். கண்ணீரை எதிர்பார்த்துத் திறப்பவர் சிரித்துவிடுவார்; அத்தனை குறும்பு. பசியும் பிரம்பும் சிரிப்பின் ஓரத்திலேயே நிற்கும். இந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்த நூல் அதுதான். 1990இல் பூர்வகுடித் தலைவர் ஃபில் ஃபான்டெய்ன் பள்ளியில் தனக்கு நேர்ந்த கொடுமையைத் தொலைக்காட்சியில் சொன்னார். பிரதமரின் மன்னிப்பு 2008இல்தான் வந்தது.

கூரை ஒழுகிய அதே 2013இல், நாட்டின் மறுகோடியில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் வில்லியம்ஸ் லேக்கில் இன்னொன்று நடந்தது. அவ்வூர் அருகே இருந்த செயின்ட் ஜோசப் மிஷன் பள்ளியின் பழைய மாணவர்களுக்கான நினைவு நிகழ்ச்சிகளை ஒட்டி, ஃபில்லிஸ் வெப்ஸ்டாட் தன் சட்டையைப் பற்றிப் பேசினார். 1973இல் அவருக்கு ஆறு வயது. பள்ளிக்குப் போகப் பாட்டி வாங்கித் தந்த பளீரென்ற ஆரஞ்சுச் சட்டை. முதல் நாளே அதைக் கழற்றிக்கொண்டார்கள், திரும்பத் தரவில்லை. அவ்வளவுதான் கதை. அதைக் கேட்டவர்கள் செப்டம்பர் 30 அன்று ஆரஞ்சு உடுத்தத் தொடங்கினார்கள். பிள்ளைகளை வீட்டிலிருந்து கொண்டுபோனது செப்டம்பரில் என்பதால் அந்த மாதம். அதே பள்ளியில் படித்த பெவ் செல்லர்ஸின் தன்வரலாறும் அதே ஆண்டு வந்தது. பள்ளியில் தன்னை அழைத்த எண்ணையே அவர் தலைப்பில் வைத்திருந்தார்.

நீதிபதி மர்ரே சின்க்ளேர் தலைமையில் உண்மை, நல்லிணக்க ஆணையம் 6,500க்கும் மேற்பட்டவர்களின் வாக்குமூலங்களைப் பெற்று, 2015இல் 94 பரிந்துரைகளை வைத்தது. எல்லா வகுப்பிலும் இதைப் பாடமாக்கச் சொன்னது ஒன்று. சொல்வது எளிது, ஆசிரியர்களே படித்திராத பாடம் இது. தவிர, ஆறு வயதுப் பிள்ளையிடம் ஆறு வயதுப் பிள்ளைகள் பட்டதை எப்படிச் சொல்வது? டேவிட் ராபர்ட்சன் எழுதி ஜூலி ஃப்ளெட் படம் வரைந்த ‘வென் வி வேர் அலோன்’ என்ற சிறுவர் நூல் (2016) ஒரு வழி கண்டது. பேத்தி கேள்வி கேட்கிறாள்: பாட்டி ஏன் பளிச்சென்று உடுத்துகிறாள், ஏன் முடியை நீளமாக வளர்க்கிறாள், ஏன் கிரீ மொழியில் பேசுகிறாள்? பறித்ததைச் சொல்லித் தொடங்காமல், பாட்டியிடம் இன்று இருப்பதிலிருந்து தொடங்குகிறது நூல்.

2021இல் செப்டம்பர் 30 கூட்டாட்சி அரசின் விடுமுறை நாளானது. ஆரஞ்சுச் சட்டை இப்போது கடைகளிலும் தொங்குகிறது; விற்ற காசு யாருக்குப் போகிறது என்ற சச்சரவும் எழாமல் இல்லை. ரொறன்ரோவில் நம் வீட்டுப் பிள்ளைகளும் அதை அணிந்து பள்ளிக்குப் போகிறார்கள். அதே 2021இல் குடியுரிமை உறுதிமொழியும் மாறியது. பூர்வகுடிகளின் உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் ஏற்கும் அரசமைப்பு உள்ளிட்ட கனடாவின் சட்டங்களைக் கடைப்பிடிப்பேன் என்று, யாழ்ப்பாணத்திலிருந்து போனவரும் மதுரையிலிருந்து போனவரும் இன்று வாய்விட்டுச் சொல்லித்தான் கனடியர் ஆகிறார்கள்.

கஞ்சிக்குழியின் கதவு 2025 செப்டம்பர் 30 அன்று அருங்காட்சியகமாகத் திறந்தது. இப்போதைய கட்டடம் 1904இல் எழுந்தது. முந்தையது 1903இல் எரிந்துபோனது. மாணவர்களே வைத்த தீ என்று எழுதியிருக்கிறார்கள். கூரை ஒழுகாமல் இன்று நிற்கும் அந்தக் கட்டடத்தின் பின்பக்கம் போனால், செங்கற்களில் பிள்ளைகள் கீறிவைத்த பெயர்களைப் படிக்கலாம்.