பாதைக்கு வெளியே

காட்டில் இரண்டு வகை மனிதர்கள் நடக்கிறார்கள். பாதையோடு போகிறவர்கள் ஒரு வகை. பாதையே தேவைப்படாதவர்கள் மற்றொரு வகை. சரித்திரத்தைப் பெரும்பாலும் முதல் வகையார்தாம் எழுதி வைத்திருக்கிறார்கள். மதுரைக்கு வடக்கே உள்ள காட்டு வழியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம் வரும்.

அந்த வழியைச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் காணலாம். உறையூரிலிருந்து மதுரைக்கு நடக்கும் கோவலன், கண்ணகி, கவுந்தி அடிகள் மூவருக்கும் மாங்காட்டு மறையவன் ஒருவன் வழி சொல்கிறான். கொடும்பாளூர்க் குளக்கரையில் பாதை சூலம்போல மூன்றாகப் பிரியும். வலப்பக்க வழி, வெயிலில் கருகிய மரங்களையும் எயினர் குடியிருப்புகளையும் கடந்து சிறுமலை ஓரமாகப் போகும். இடப்பக்க வழி திருமால்குன்றத்துக்கு, அதாவது நம் அழகர்மலைக்குப் போகும். நடுவழி நேரானது; ஆனால் அங்கே வழிப்போக்கரை மயக்கும் தெய்வம் ஒன்று உண்டு.

மூவரும் நடுவழியே போனார்கள். போயும், தாகத்துக்குத் தண்ணீர் தேடிக் கோவலன் பாதையை விட்டு விலகி ஒரு பொய்கைக்கரைக்குச் சென்றான். மாதவியின் தோழி வசந்தமாலையின் உருவில் அந்தத் தெய்வம் வந்து நின்றது! மந்திரம் சொல்லித் தப்பினான். தாமரை இலையில் தண்ணீர் கொண்டுவந்தான். நகரத்து மனிதன் பாதையை விட்டு நாலடி வைத்தால், அவன் விட்டுவந்த வாழ்க்கையே காட்டில் எதிரே வந்து நிற்கிறது.

இளங்கோ அதோடு நிறுத்தவில்லை. அடுத்த காதையான வேட்டுவ வரியை எயினர்களுக்கே கொடுத்துவிட்டார். அவர்கள் வழிப்பறி செய்பவர்கள் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆயினும் அவர்களுடைய கொற்றவையையும், கூத்தையும், வில்லின் வீறு குன்றிப்போன மனக்குறையையும் நமக்குக் காட்டுகிறார். கண்ணகியின் பெருமையை அங்கே உரக்கச் சொல்பவள் அந்தக் கூட்டத்துச் சாலினிதான்.

மதுரைக்கும் திருச்சிக்கும் இடையே, நத்தம் கணவாயில், 1755-ஆம் ஆண்டு மே மாதம் வேறொரு கூட்டம் நடந்து வந்தது. திருநெல்வேலிச் சீமை வரை வரி வசூலிக்கப் போய்த் திரும்பிய கர்னல் ஹெரானின் கும்பினிப் படை அது. மதுரைக்கு அருகே கோவில்குடி ஆலயத்தைத் தாக்கி, கள்ளர்கள் வழிபட்ட விக்கிரகங்களையும் அது எடுத்து வந்திருந்தது. கணவாயில் வண்டி ஒன்று சேற்றில் புதைந்தது. முன்னணி போய்விட்டது, பின்னணி நின்றுவிட்டது. காட்டிலிருந்து நீண்ட ஈட்டிகளோடு கள்ளர்கள் பாய்ந்தார்கள். படைக்கு இருந்த பாதை ஒன்றுதான். அவர்களுக்கோ ஒவ்வொரு புதரும் பாதை! தங்கள் சாமிகளை மீட்டுக்கொண்டு மறைந்தார்கள். ஹெரான் பின்னர் ராணுவ விசாரணைக்கு ஆளாகிப் பதவி இழந்தார்.

அந்நாளில் சென்னைக் கவுன்சிலில் அங்கம் வகித்த ராபர்ட் ஓர்ம் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அவருடைய சரித்திரத்தின் முதல் பாகம் 1763-ல் வெளிவந்தது. விக்கிரகங்களைக் கண்டதும் எழுந்த கூக்குரலைக்கூட அவர் குறிக்கத் தவறவில்லை. ஆனால் அவர் நின்று பார்த்த இடம் பாதை. அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. காட்டிலிருந்து வந்தவர்கள் வெறும் கூட்டம்.

அந்தப் பக்கத்தில் ஒரு முறை ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரின் பின்னால் நடந்திருக்கிறேன். உசிலையும் காரையும் இலந்தை முள்ளும் வேட்டியைப் பிடித்து இழுத்தன.

"இங்கே வழியே இல்லையே, பெரியவரே?" என்றேன்.

"வழியில்லாமலா ஆடு போகுது, சாமி?" என்றார் அவர், திரும்பிப் பாராமலே.

எந்தப் பாறையடியில் ஊற்று, எந்த ஓடையில் நிழல் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. எந்தப் படத்திலும் நான் அதைக் கண்டதில்லை.

2023-ல் மதுரை–நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டர் நீள மேம்பாலம் திறக்கப்பட்டது. இனி வண்டி சேற்றில் புதையாது, நல்லதுதான். ஆனால் அந்தப் பெரியவர் போன்றவர்களும் போய்விட்டால், சாலையிலிருந்து தெரிகிற காடு மட்டுமே நமக்கு மிஞ்சும். நம்மில் யாராவது அந்த வழியின் சரித்திரத்தை எழுதப் புகுந்தால், இளங்கோவைப் போல ஒரு காதையையாவது அவர்களுக்கு விட்டுவைக்க வேண்டும்.