வட ஆர்க்காட்டில் ஃபத்வாக் கல்வி

அருணாசலேசுவரர் ஆலயத்தாலும் கார்த்திகைத் தீபத்தாலும் பிரசித்தி பெற்ற திருவண்ணாமலை, 1989-இல் தனி மாவட்டத்தின் தலைநகராகும் வரையில், வேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட வட ஆர்க்காட்டு ஜில்லாவைச் சார்ந்திருந்தது. இவ்வட்டாரத்தில், முஸ்லிம்களின் மார்க்கக் கல்விக்குத் தலைமைப் பீடமாக அமைந்ததும் வேலூரே. பாகப் பிரிவினை, தலாக், வக்ஃபு ஆகியவற்றில் எழும் ஐயங்களுக்கு ஃபத்வா, அதாவது மார்க்க விடை, உரைக்கும் உயர்கல்வி மத்ரஸாவின் பொறுப்பாக மாறிய வரலாறு, சர்க்கார் கைவிட்ட ஓர் உத்தியோகத்தைச் சமுதாயம் தானே ஏற்று வளர்த்த வரலாறாகும்.

1772-இல் வங்காளத்தில் ஆங்கிலேய ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டத்தின்படி, மணம், வாரிசுரிமை முதலிய விவகாரங்களில் முஸ்லிம்களுக்கு அவர்தம் தர்மமே பிரமாணமாயிற்று. அதனை எடுத்துரைக்க ஆங்கில நீதிபதியின் அருகே மௌலவிகள் அமர்த்தப்பட்டனர். சென்னை ராஜதானியின் நீதிமன்றங்களிலும் காஜிகளும் ஃபத்வா உரைக்கும் முஃப்திகளும் சட்ட அதிகாரிகளாயிருந்தனர். 1812-இல் தோன்றிய செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி அத்தகைய அதிகாரிகளுக்குப் பயிற்சியும் அளித்தது. ஆயினும், ஹிதாயா என்னும் ஹனஃபி சட்டப் பள்ளியின் நூல் 1791-இலேயே ஆங்கிலத்தில் வெளிவந்துவிட, மொழிபெயர்ப்பும் முன்தீர்ப்புகளும் கைவசமிருக்க மௌலவி எதற்கு என்னும் எண்ணம் நீதிபதிகளிடையே வேரூன்றி, 1864-ஆம் ஆண்டின் பதினோராம் சட்டத்தால் அப்பதவிகள் அறவே ஒழிக்கப்பட்டன.

பதவி ஒழிந்ததேயன்றிக் கேள்விகள் ஒழியவில்லை. வடக்கே 1866-இல் தேவ்பந்தில் தாருல் உலூம் மத்ரஸா தோன்றித் தபால் வழியாகவும் வினாக்களை ஏற்று விடையளித்தது. தெற்கே, மக்காவில் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவியிடம் ஓதித் திரும்பிய ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஸ்ரத் வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மத்ரஸாவை நிறுவினார். 1919-இல் அவர் மறைவதற்குள் அது தென்னாட்டு ஆலிம்களின், அதாவது மார்க்க அறிஞர்களின், தாய்க் கல்லூரியாயிற்று. அங்கு ஸனது பெற்றோர் 'பாகவி' என்னும் பட்டத்துடன் தமிழகத்திலும் மலையாள நாட்டிலும் பரவினர். குர்ஆனைத் தமிழில் பெயர்த்த ஆ. கா. அப்துல் ஹமீது பாகவியும் அவருள் ஒருவர்.

ஆலிம் பட்டம் பெற்ற மாத்திரத்தில் ஒருவர் முஃப்தி ஆகிவிடுவதில்லை. கிதாபுகள் அனைத்தையும் மனனம் செய்தவரும் தேர்ந்த ஆசானிடம் பழகாமல் ஃபத்வா உரைக்கத் தகுதியற்றவர் என்றும், தம் காலத்து மக்களின் வழக்கங்களை அறியாதவர் அறிவிலியே என்றும், 1836-இல் மறைந்த டமாஸ்கஸ் அறிஞர் இப்னு ஆபிதீன் முஃப்திகளுக்கான தம் நூலில் வலியுறுத்தினார்; அந்நூலே இன்றும் முஃப்திப் பயிற்சியின் முதற் பாடங்களுள் ஒன்று. மாணவர் ஒரு வினாவை எடுத்து, ரத்துல் முஹ்தார், ஃபதாவா ஆலம்கீரி முதலிய பெருநூல்களில் ஆதாரம் தேடி, மத்ஹபு என்னும் சட்டப் பள்ளியின் பல கூற்றுகளுள் வலுவுடையது எது என நிர்ணயித்து, விடையை வரைந்து ஆசானிடம் காட்டுவார்; ஆசான் திருத்தியும் கிழித்தும் மீண்டும் எழுதப் பணித்தும் அவரைப் பக்குவப்படுத்துவார். உள்நாட்டில் ஹனஃபியும் கடற்கரை ஊர்களில் ஷாஃபியும் மிகுந்த தமிழகத்தில், வினவுவோர் எந்த மத்ஹபினர் என்பதை முதலில் அறிதல் இன்றியமையாதது.

முஃப்திக்குக் கணிதமும் வேண்டும். மனைவி, தாய், ஒரே மகள், உடன்பிறந்த சகோதரன் ஆகியோரை விட்டு ஒருவர் இறந்தால், கடனும் மரண சாசனமும் போக எஞ்சிய சொத்து 24 பங்காகி, மனைவிக்கு 3, தாய்க்கு 4, மகளுக்கு 12, மிச்சமான 5 சகோதரனுக்கு எனப் பிரியும். இக்கணக்குகளை ஸிராஜி என்னும் நூல்வழிப் பயில்வர்.

காஜி சாட்சிகளை விசாரித்து ஆணையிடுபவர். முஃப்தியோ, வினாவில் கூறியபடியே நிகழ்ந்திருப்பின் மார்க்கத்தின் விடை இதுவென உரைத்து, 'அல்லாஹ்வே நன்கறிந்தவன்' என முடிப்பவர். ஃபத்வா எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் கூறியதும் இப்பழைய வேறுபாட்டிற்கு இசைந்ததே. ஆணையிடும் அதிகாரம் இல்லாத ஒருவரின் சொல் மக்களிடையே மதிப்புப் பெறுவது அவருடைய கல்வியாலும் நிதானத்தாலுமே ஆதலின், சர்க்கார் பதவி போனபின் அக்கல்வி தளராமல் முன்னிலும் கடுமையாக வளர்ந்தது.