காவல்காரனுக்கு யார் சம்பளம்?

செஞ்சியிலிருந்து வடக்கே இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் போனால் சீயமங்கலம். வந்தவாசி வட்டத்தில் ஒரு சின்ன ஊர். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவர் அங்கே ஒரு பாறையைக் குடைந்து சிவனுக்குக் கோயில் எடுத்தார். அவனிபாஜன பல்லவேஸ்வரம் என்று பெயர். உள்ளே இருப்பவர் ஊரையே காக்கிற சாமி. அவருக்கும் வாசலில் ரெண்டு துவாரபாலகர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

சுமார் 1,400 வருஷமாக, சம்பளம் இல்லாமல் நிற்கிற காவல்காரர்கள்!

உங்கள் வீட்டு கம்ப்யூட்டருக்கும் அப்படி இரண்டு பேர் தேவை. ஒருவர் பெயர் ஃபயர்வால். இன்னொருவர் ஆன்டிவைரஸ். காசில்லாமல் கிடைப்பார்களா என்றால், தாராளமாக. ஒன்றுக்குப் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். அதில் யாரை நம்பி வாசலில் நிறுத்துவது? இதற்குச் செஞ்சிக் கோட்டையிடம் பாடம் கேட்கலாம். காவல் விஷயத்தில் அந்தக் கோட்டை பார்க்காத கூத்தே கிடையாது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பன்னிரண்டு மராட்டியர் காலக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும்தான். மூன்று மலை. மூன்றையும் வளைத்து மதில். மூன்றில் ராஜகிரிதான் பெரியது, சுமார் 800 அடி உயரம். மூச்சு வாங்க ஏறிப்போனால், உச்சிக்குச் சற்று முன்னால் பாறையில் ஒரு பிளவு. அகலம் 24 அடி, ஆழம் 60 அடி. அதன்மேல் ஒரு மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது. எவ்வளவு பெரிய சேனையும் இந்தப் பக்கமே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.

ஃபயர்வால் என்பது அந்தப் பாலம்தான். கம்ப்யூட்டர் வெளியுலகத்தோடு பேசுவதற்கு 'போர்ட்' என்கிற வாசல்கள் உண்டு. எண்ணிக்கை, 65,536. நீங்கள் கூப்பிடாமல் எவனாவது இதில் ஒன்றைத் தட்டினால், பாலத்தை இழுத்துக்கொள்வது ஃபயர்வாலின் வேலை.

பாலம் இருந்து என்ன பிரயோஜனம், இழுக்க ஆள் வேண்டாமா? 2003 ஆகஸ்ட்டில் அதுதான் நடந்தது. 135-ம் நம்பர் வாசல் வழியாக 'பிளாஸ்டர்' என்றொரு புழு உலகம் பூராவும் புகுந்தது. யாரும் மெயிலைத் திறக்கவில்லை, எதையும் க்ளிக் செய்யவில்லை. இன்டர்நெட்டில் இணைந்திருந்ததுதான் அவர்கள் செய்த குற்றம். வேடிக்கை என்னவென்றால், விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வால் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அணைத்து வைத்து விற்றிருந்தார்கள்! 2004 ஆகஸ்ட்டில் சர்வீஸ் பேக் 2 வந்தபிறகுதான் அது தானாக விழித்திருக்க ஆரம்பித்தது.

சரி, எதிரியை நீங்களே கைப்பிடித்து அழைத்து வந்தால்? நண்பர் கொடுத்த பென் டிரைவ், 'உங்கள் பார்சல்' என்று வந்த மெயில்... இதையெல்லாம் ஃபயர்வால் பெரும்பாலும் தடுக்காது. உள்ளே வருகிறவனின் மடியைச் சோதிக்கிற ஆள்தான் ஆன்டிவைரஸ்.

ஒருவர் சோதித்தால் நல்லது, இருவர் சோதித்தால் ரொம்ப நல்லது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரே மெஷினில் இரண்டு இலவச ஆன்டிவைரஸ் போட்டேன். ஒன்று பிடித்து வைத்ததை மற்றது வைரஸ் என்று பிடித்தது. கம்ப்யூட்டர் ஆமை வேகத்துக்கு வந்துவிட்டது.

ஔரங்கசீப்புக்கும் இந்தக் கஷ்டம் உண்டு. 1690-ல் சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சிக்குள் இருக்க, முகலாயப் படை முற்றுகை போட்டது. தளபதி சுல்ஃபிகர் கான். போதாதென்று சக்கரவர்த்தியின் கடைசி மகன் காம்பக்ஷும் வந்து சேர்ந்தார். ஒரு கூடாரத்தில் இரண்டு தலைமை. இளவரசர் ராஜாராமோடு ரகசியப் பேச்சு நடத்துகிறார் என்று சொல்லி, சுல்ஃபிகர் கானும் அவருடைய அப்பா அசத் கானும் சொந்த இளவரசரையே கைது செய்தார்கள். 1693 தொடக்கத்தில் அந்தப் படை பின்வாங்கிப் போய் நின்ற இடம் வந்தவாசி. நம் சீயமங்கலம் இருக்கிற அதே வட்டாரம். செஞ்சியைப் பிடிக்க 1698 ஆகிவிட்டது.

ஆகவே, ஒரு மெஷினுக்கு ஒரே ஆன்டிவைரஸ். வேறொன்றைப் போட்டால், விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் இப்போதெல்லாம் தானே ஒதுங்கிக்கொள்கிறது.

இனிதான் முக்கியமான சங்கதி. நான் பி.காம். படித்தவன். ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியாக வேண்டும் என்று அடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 'இலவசம்' என்று கேட்டாலே, இந்தச் செலவு யார் கணக்கில் ஏறுகிறது என்று தேடும் புத்தி.

1677-ல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தது பீரங்கியால் அல்ல. பிஜப்பூர் சுல்தானுக்காகக் கோட்டையைக் காத்த நசீர் முகமது கானோடு பேச்சுவார்த்தை நடந்தது. பணமும் வருமானமுள்ள நிலமும் தருவதாக ஏற்பாடு. கதவு திறந்துவிட்டது. மதிலில் ஒரு கீறல் இல்லை.

காவல்காரன் விலை போவது கம்ப்யூட்டரிலும் நடந்தது. கோடிக்கணக்கானவர்கள் இலவசமாகப் பயன்படுத்திய அவாஸ்ட், அவர்கள் எந்தெந்த இணையதளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தைச் சேகரித்து, தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் மூலம் விற்றது. விஷயம் வெளியே வந்ததும் 2020 ஜனவரியில் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024-ல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வைத்தது. அவாஸ்ட், ஏவிஜி, அவிரா என்று நாம் மூன்று பெயர் சொல்கிறோமே, இன்றைக்கு மூன்றுக்கும் முதலாளி ஒருவர்தான். ஜென் டிஜிட்டல் என்ற கம்பெனி.

அதற்காக இலவசம் எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. டிஃபெண்டரும் ஒருவகையில் இலவசம்தான். அதன் செலவு நீங்கள் விண்டோஸுக்குக் கொடுத்த விலையிலேயே அடங்கிவிட்டது. கணக்கு நேராகிறது. ஃபயர்வாலும் கூடவே வருகிறது. சாதாரண வீட்டுக்கு இந்த ஜோடி போதும். வேறு ஆள்தான் வேண்டும் என்றால், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரடிவ்ஸ் இரண்டும் வெளியிடும் மார்க் ஷீட்டைப் பாருங்கள். அந்தக் கம்பெனி எதில் சம்பாதிக்கிறது என்றும் ஒருதரம் விசாரியுங்கள்.

இன்னொன்று. திருட்டு சாஃப்ட்வேரோடு ஒரு குறிப்பு வரும்: 'ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யவும்.' நிறுத்தினால், அந்த நிமிஷம் நசீர் முகமது கான் நீங்கள்தான். உள்ளே இருப்பது உங்கள் பேங்க் பாஸ்வேர்டு, பிள்ளைகளின் போட்டோ.

முகலாயர்களை ஏழு வருஷத்துக்கு மேல் காக்க வைத்த அதே செஞ்சியை, 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே ராத்திரியில் பிடித்தார். தோற்று ஓடிவந்த மகம்மது அலியின் படையைத் துரத்திக்கொண்டே வந்து, வாசல் கதவை வெடி வைத்துப் பிளந்தார். மலையும் பழையதுதான், மதிலும் பழையதுதான். வந்தவனின் ஆயுதம் புதுசு.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. உங்கள் வீட்டில் ஓடுவது எது? காவல்காரனைத் தேடுவதற்கு முன்னால், எழுந்துபோய் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.