புகை போயிற்று, சூடு?

புகையில்லா அடுப்பின் வரலாற்றில் ஐதராபாத்துக்குத் தனியிடம் உண்டு. ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ்.பி. ராஜு வடிவமைத்த மண்ணடுப்பு, அக்கூடத்தின் ஆங்கில முதலெழுத்துகளால் 'ஹெர்ல் சூலா' எனப்பட்டது. அதனை விளக்கும் அவரது ஆங்கில நூல் 1953-இல் சென்னையில் வெளியாயிற்று. ஒரே வாயில் இட்ட விறகின் தீ, மூடிய வழியில் அடுத்தடுத்த பாத்திரங்களின் அடியைத் தொட்டுப் புகைபோக்கியை அடையும்.

சமைக்கும் பெண்களின் கண்ணையும் நுரையீரலையும் காக்க வந்த இவ்வகை அடுப்புகள்மீது பின்னர் எழுந்த குறை வேறு: சூடு போதவில்லை, விறகுச் செலவும் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. புகைபோக்கியின் இழுப்பு மிகுந்தால், தேவைக்கு மேற்பட்ட காற்று புகுந்து தீயைக் குளிர்விக்கும்; பாத்திரத்துக்குச் சேரவேண்டிய வெப்பம் புகையோடு வெளியேறும். தடித்த மண்சுவரும் தன் பங்கை உறிஞ்சும். பாத்திரம் துளையில் பொருந்தாவிடில் இடுக்கின்வழிக் குளிர்காற்று நுழையும். புகைக்கரி அடைத்தாலோ இழுப்பு குன்றிப் புகை அறைக்கே திரும்பும். இழுப்பை அடக்க ராஜுவின் அமைப்பில் ஒரு தகடு இருந்தது. தீ பற்றியபின் அதனை ஓரளவு மூடவேண்டும். அதாவது, அடுப்பின் பயன் சமைப்பவரின் இடையறாக் கவனத்தைச் சார்ந்திருந்தது.

1980-களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அஸ்திரா குழு இச்சுமையை வடிவமைப்புக்கே மாற்றியது. 'அஸ்திரா ஒலெ'யில் விறகிடும் அறை மூடப்பட்டது. காற்றின் அளவு வரையறுக்கப்பட்டது. கன்னட 'ஒலெ', தமிழ் 'உலை'யின் இனச்சொல். 'புகையில்லா' என்னும் பெயரோ, அடுப்பு நீக்குவதை மட்டுமே சொன்னது. தரவேண்டிய சூட்டைச் சொல்லவில்லை.