புல்வெளியில் மூண்ட பகையும் பாண்டியக் கரையில் ஒதுங்கிய கப்பலும்

ஆனி பிறந்தால் தென்காசியில் சாரல் தொடங்கிவிடுகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்றும் மழையும் குற்றாலத்தைக் குளிரச் செய்கின்றன. அங்கிருந்து இறங்கும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, பழைய காயலை அடுத்துக் கடலைச் சேர்கிறது. பிள்ளைகளோடு அருவியில் நனைந்து திரும்பும் நம்மில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. எழுநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, சீனப் பேரரசர் குப்லாய் கானின் தூதர்கள் பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கி, இந்த மலைத்தொடருக்கு அப்பாலுள்ள கொல்லத்திற்குத் தரைவழி கேட்டு நின்றார்கள். அவர்களை இவ்வளவு தொலைவு வரச் செய்தவற்றுள் ஒன்று, மத்திய ஆசியப் புல்வெளியில் மூண்ட ஒரு குடும்பப் பகையாகும்.

1258இல் ஹூலாகு பக்தாதை அழித்து, கலீஃபா முஸ்தஃஸிமைக் கொன்றார். உலகமே மங்கோலியர் வசமாகிவிட்டது என்று மக்கள் அஞ்சிய காலம் அது. ஆனால் மறு ஆண்டே பேரரசர் மோங்கே இறக்க, அவருடைய தம்பியரான குப்லாயும் அரிக் போகேயும் அரியணைக்காகப் போரிட்டனர். 1264இல் அரிக் போகே பணிந்தார். ஆயினும் பகை ஓயவில்லை. செங்கிஸ்கானின் மகன் ஒகெதேயின் பேரனான காய்டு, குப்லாயின் தலைமையை ஏற்க மறுத்தார். 1269இல் தலாஸ் ஆற்றங்கரையில் கூடிய இளவரசர்கள், மத்திய ஆசியாவைக் குப்லாயைக் கேளாமலே தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். சீனத்து அரண்மனையில் அமர்ந்த பேரரசருக்கும் புல்வெளியின் கூடார வாழ்வை விடாத உறவினருக்கும் இடையிலான இப்போர், 1301இல் காய்டு இறக்கும் வரை விட்டுவிட்டுத் தொடர்ந்தது. 1276இல் குப்லாயின் மகன் நொமுகானே புல்வெளியில் சிறைபிடிக்கப்பட்டார்.

இதனால் சீனத்தையும் ஈரானையும் இணைத்த தரைவழி நம்பத்தகாததாயிற்று. ஈரானை ஆண்டவர்களோ ஹூலாகுவின் மக்கள்; குப்லாயின் நெருங்கிய உறவினர். அவர்களோடு தொடர்பைக் காக்கக் கடலே துணையாயிற்று. அதே ஆண்டுகளில் குப்லாய் தென் சீனத்தின் சோங் அரசை வென்று, அதன் துறைமுகங்களையும் கைப்பற்றினார். அவற்றுள் பெரியது, அரபு வணிகர்கள் ஸைத்தூன் என்றழைத்த சுவான்சோ. தரைப்படையால் வளர்ந்த மங்கோலியர் இப்போது பருவக்காற்றைக் கணக்கிடக் கற்றனர்.

1281இன் தொடக்கத்தில் யாங் டிங்பி என்னும் தூதர் சுவான்சோவிலிருந்து கொல்லம் நோக்கிப் புறப்பட்டார். மூன்று மாதத்தில் இலங்கையை அடைந்தார். அதற்குள் காற்று எதிராயிற்று, உணவும் குறைந்தது. அரபு மக்கள் மஃபர் என்றழைத்த பாண்டிய நாட்டில் இறங்கித் தரைவழியே கொல்லம் போகலாம் என்று மாலுமிகள் கூறினர். அவ்வாறே இறங்கினார். வரவேற்பு கிடைத்தது, வழி கிடைக்கவில்லை. பாண்டிய அரச சகோதரர் ஐவரும் காயலில் கூடிக் கொல்லத்தின் மீது போர் தொடுக்க ஆலோசிக்கிறார்கள் என்ற செய்தியே கிடைத்தது. அடுத்த ஆண்டு கடல்வழியாகவே அவர் கொல்லத்தை அடைந்தபோது, அவ்வூர் முஸ்லிம்களின் தலைவரான முஹம்மது என்பவரும் பேரரசருக்குத் தூது அனுப்பினார் என்று சீன வரலாறு குறிக்கிறது.

அந்நாளில் பாண்டியத் துறைகளில் நம் முன்னோரின் நிலை என்ன? பாரசீக வளைகுடாவில் உள்ள கைஸ் தீவின் பெருவணிகர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டியருக்கு அனுப்ப உடன்படிக்கை செய்திருந்தார். குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரின் அமைச்சராக இருந்தார். காயல் உள்ளிட்ட துறைகள் அவர் பொறுப்பில் இருந்தன. வேற்றுச் சமயத்து மன்னர் ஒருவர், தம் நாட்டின் வாயில்களையே ஒரு முஸ்லிமிடம் ஒப்படைத்தார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயின் இதே ஏடுகள் மற்றொரு முகத்தையும் காட்டுகின்றன. அபூ அலீ என்று கருதப்படும் மற்றோர் அமைச்சர், ஒரு காலையில் யாங் டிங்பியின் விடுதிக்கு வந்து, பிறரை விலக்கிவிட்டு, தாம் சீனப் பேரரசருக்கே ஊழியம் செய்ய விரும்புவதாகக் கூறினார். முன்னரே அவர் மறைவாகத் தூது அனுப்பியிருந்தார். அது மன்னருக்குத் தெரிந்ததும் அவருடைய பொன்னும் நிலமும் பறிக்கப்பட்டன. பொய் சொல்லி உயிர் தப்பினார். பின்னர் 1291இல் சீனம் சென்று, 1299இல் அங்கேயே இறந்தார். பெரிய அரசுகள் மோதும்போது நடுவில் நிற்கும் துறைமுக மனிதனின் அமானிதம் எவ்வளவு கடுமையாகச் சோதிக்கப்படுகிறது என்பதற்கு இவர் சான்று.

மார்க்கோ போலோ இவ்வழியே திரும்பியதும் அதே பகையால்தான். ஈரான் மன்னர் அர்கூனுக்கு மணமகளாகக் கோகெஜின் இளவரசியை அழைத்துச் சென்ற தூதர்கள் முதலில் தரைவழியே புறப்பட்டனர். மங்கோலியருக்குள் நடந்த போரால் திரும்பி வந்து, பின்னர் கப்பலேறினர். அவர்கள் சென்று சேர்வதற்குள் அர்கூன் இறந்துவிட, அவருடைய மகன் காஸான் அவளை மணந்தார். அந்தக் காஸான் 1295இல் இஸ்லாத்தை ஏற்றார். பக்தாதை அழித்த ஹூலாகுவின் கொள்ளுப்பேரன் அவர்! இடையில் கழிந்தவை முப்பத்தேழு ஆண்டுகளே.

காஸான் சீனப் பேரரசரிடம் அனுப்பிய தூதர், முன்பு நாம் கண்ட ஜமாலுத்தீனின் மகன் ஃபக்ருத்தீன் அஹ்மத். பணி முடித்துத் திரும்பும் வழியில், மஃபரை நெருங்கும்போது அவர் இறந்தார். தம் சிறிய தந்தை தகியுத்தீனின் கப்ருக்கு அருகிலேயே இம்மண்ணில் அடக்கம் செய்யப்பட்டார். 1304இல் மங்கோலிய அரசுகள் தமக்குள் சமாதானம் செய்துகொண்டன.

யாங் டிங்பி பாண்டியக் கரையில் இறங்கிய அதே 1281, சித்திரை மாதத்தில், சுவான்சோவில் தமிழ் வணிகர் தரப்பில் ஒரு சிவன் கோயிலில் இறைத்திருமேனி நிறுவப்பட்டது. கானின் நலத்திற்காக என்று கூறும் அதன் தமிழ்க் கல்வெட்டில், ஆணையைக் குறிக்கும் ஃபர்மான் என்ற பாரசீகச் சொல் இடம்பெற்றுள்ளது. நம் துறைகளில் முஸ்லிம் வணிகரும், அவர்கள் துறையில் தமிழ்ச் சைவரும் அடைக்கலம் பெற்று வாழ்ந்த காலம் அது.

பக்தாதின் வீழ்ச்சியைச் சொல்லி அழுவதும், காஸானின் மாற்றத்தைச் சொல்லி மகிழ்வதும் நமக்குப் பழகியவை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அளவு நிறுத்து, சொல் காத்து, துறையைப் பேணி வாழ்ந்த மனிதர்களை நாம் மறந்துவிட்டோம். பேரரசர்களின் பகை சில பத்தாண்டுகளில் அடங்கிவிட்டது. வாணிகத்தால் வளர்ந்த நம்பிக்கையோ காயல் கரையில் தலைமுறைகளாக நிலைத்தது. அடுத்த சாரலில் சிற்றாற்றங்கரையில் நிற்கும்போது, இந்த நீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். ஒப்படைக்கப்பட்டதைக் காப்போராக நம்மையும் அவர்களையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.