மொழியியல் கல்வி (ஐதராபாத்)

ஐதராபாத்தின் வடகிழக்கில் உள்ள மௌலா அலி, குன்றின்மேல் இருக்கும் தர்காவுக்கும் டீசல் லோகோ ஷெட்டுக்கும் பெயர் பெற்ற பகுதி. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், தார்நாகாவை ஒட்டி உஸ்மானியாப் பல்கலைக்கழகம் உள்ளது. தென்னிந்தியாவில் மொழியியல் பல்கலைக்கழகப் பாடமாக வேரூன்றிய இடங்களில் அண்ணாமலைநகருக்கு அடுத்து வைக்கத்தக்கது இதுவே.

முன்வரலாறு: மௌலா அலிக் குன்றின் அடிவாரத்தில் உருதுக் கவிஞர் மஹ் லகா பாய் சந்தாவின் (1768–1824) கல்லறை இருக்கிறது. பல்கலைக்கழகம் எழுந்த அடிக்மெட் நிலம் ஒருகாலத்தில் அவருடைய ஜாகீர் என்பர். நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் 1918இல் நிறுவிய இப்பல்கலைக்கழகத்தின் பயிற்றுமொழி தொடக்கத்தில் உருது. அறிவியலையும் மருத்துவத்தையும் உருதுவில் நடத்தப் பாடநூல்கள் வேண்டியிருந்ததால், ஓராண்டு முன்பே ‘தாருல் தர்ஜுமா’ என்ற மொழிபெயர்ப்புத் துறை அமைக்கப்பட்டது. கலைச்சொல்லை அரபியிலிருந்து எடுப்பதா, நாட்டு வழக்கிலிருந்து ஆக்குவதா என்ற வழக்கு அங்கே எழுந்தது. வஹீதுத்தீன் சலீம் 1921இல் சொல்லாக்கத்துக்கென்றே ஒரு நூல் எழுதினார். தனித்தமிழ்ப் பூசல்களைக் கண்ட தமிழருக்கு இந்தக் கலைச்சொல் வழக்கு புதிதன்று. ஐதராபாத் சமஸ்தானத்தில் பெரும்பாலோர் பேசிய தெலுங்கு, மராத்தி, கன்னடம் ஆகியவற்றுக்கு இந்த முயற்சியில் இடமில்லை.

துறையும் வகைப்பாடும்: மொழியியல் துறை 1962இல் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் (1928–2012) தலைமையில் தொடங்கியது. ஓங்கோலில் பிறந்து பென்சில்வேனியாவில் முனைவர் பட்டம் பெற்ற அவர், 1961இல் வெளியான தம் தெலுங்கு வினையடி நூலில், தெலுங்கைத் தமிழ், கன்னடம் அடங்கிய கிளையிலிருந்து பிரித்து, கோண்டி, குயி, குவி, கோண்டா மொழிகளோடு சேர்த்தார். தெலுங்கு தென்நடுத் திராவிட மொழி என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

அவர் தொடங்கிவைத்த தெலுங்குத் தொழிற்சொல் அகராதியின் முதல் தொகுதி (1962) உழவுச் சொற்களைப் பற்றியது. ஊர் ஊராகச் சென்று உழவர்களிடமே கேட்டு, கலப்பையின் ஒவ்வோர் உறுப்புக்கும் எந்த மாவட்டத்தில் என்ன பெயர் என்று குறித்தார்கள். அந்தப் பெயர்கள் மாறும் இடங்களைப் படத்தில் கோடிட்டபோது வடக்கு, தெற்கு, கிழக்கு, நடு என நான்கு கிளைமொழிப் பரப்புகள் தெரிந்தன. எழுத்துத் தெலுங்குக்கு அடித்தளம் கிருஷ்ணா–கோதாவரிப் பகுதியின் நடுக் கிளைமொழி. கைத்தறிச் சொற்களுக்கான தொகுதி 1971இல் வந்தது.

பாடம்: முதுகலையில் ஒலியியல், ஒலியனியல், உருபனியல், தொடரியல், பொருண்மையியல் ஆகியன அடிப்படை. ஒலியனியலுக்கு ஓர் எடுத்துக்காட்டு: கலை, களை, கழை என்பன பொருளால் வேறுபடுவதால் தமிழில் ல, ள, ழ மூன்றும் தனி ஒலியன்கள். இவ்வாறு சொற்களை ஒப்பிட்டு ஒலியன்களைக் காணும் சோதனையை, மாணவர் முன்பின் கேட்டிராத ஒரு மொழியைப் பேசுபவரை வகுப்பில் அமர்த்தி, சொல் சொல்லாகக் கேட்டு எழுதி நடத்துவது களமொழியியல். எந்தப் பட்டம் படித்தவரும் பெரும்பாலும் இந்த முதுகலைப் படிப்பில் சேரலாம்.

பிற நிறுவனங்களும் வேலையும்: ஆங்கிலம், அயல்மொழிகள் பல்கலைக்கழகம் (1958இல் ஆங்கில நடுவண் நிறுவனமாகத் தோன்றியது), ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் (1974) ஆகியவற்றிலும் இப்பாடம் உண்டு. கச்சிபௌலியில் உள்ள பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் கணினி மொழியியல் கற்பிக்கப்படுகிறது. வினைக்கும் பெயருக்கும் உள்ள உறவை விளக்கும் பாணினியின் காரகக் கோட்பாடு அங்கே இயந்திர மொழிபெயர்ப்புக்குப் பயன்பட்டது. படித்தவர்கள் ஆசிரியப் பணி, அகராதிப் பணி, மைசூரு இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் (1969), மென்பொருள் நிறுவனங்களின் பேச்சுத்தரவுப் பிரிவுகள் முதலியவற்றுக்குச் செல்கின்றனர். கல்லூரி ஆசிரியராக விரும்புவோர் பெரும்பாலும் எழுதும் தேசியத் தகுதித் தேர்வில் மொழியியல் தனிப் பாடம். பேச்சுச் சிகிச்சையாளராக மட்டும் இந்தப் பட்டம் போதாது. அதற்கு இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்கும் தனிப் பட்டமும் பதிவும் வேண்டும் என்பதைச் சேருமுன் அறிந்துகொள்வது நல்லது.